ஆடி மாசம், அம்பத்தூர், ஒரு ராத்திரிக் கூத்து

ஜூலை 24, வியாழன்

ரயிலை விட்டு இறங்கும்போதே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. திருநெல்வேலியில் மட்டும் வெயில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ஆடியில் எங்கள் பக்கம் மேற்கே இருந்து ஒரு காற்று வந்துகொண்டே இருக்கும். இங்கே காற்று என்பது சாயங்காலம் கடலுக்கு மனசு வந்தால் உண்டு, அதுவும் அம்பத்தூர் வரைக்கும் வருவதற்குள் களைத்துப் போய்விடுகிறது.

அக்கா வீடு மூன்றாவது மாடி. இன்றைக்கு ஆடி அமாவாசை, காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுத்தான் நமக்கு இலை. மொட்டை மாடியில் சோற்றை வைத்துவிட்டு அக்கா போட்ட கூப்பாட்டுக்கு நாலு புறா வந்தது, காக்காய் வரவில்லை. அரை மணி நேரம் பட்டினி. கடைசியில் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்கில் இருந்து ஒன்று பெரிய மனசு பண்ணி வந்தது.

நான் வந்ததே தெருக்கூத்து பார்க்க. "வில்லுப்பாட்டு ஊர்க்காரனுக்குக் கூத்து எதுக்குடே?" என்று அத்தான் சிரித்தார். எனக்குள்ளேயும் அந்தத் திமிர் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் விடிய விடிய வில்லு கேட்டு வளர்ந்தவன். கணியான் கூத்து, மகுடச் சத்தம், சாமியாட்டம் எல்லாம் பார்த்தவன். ராத்திரி முழிப்பதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லை என்று அத்தானிடம் சொன்னேன். சொன்னது நினைவிருக்கட்டும்.

கீழ்வீட்டில் ஒரு பெரியவர், வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூத்து என்று சொன்னதும் உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். பெரிய எழுத்துக் கர்ண மோட்சம், சென்னை பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் வெளியிட்டது. முன் அட்டை இல்லை, பின்னால் கொஞ்சம் பக்கங்களும் இல்லை, தாள் அப்பளம் மாதிரி ஒடிகிறது. "ஞாயித்துக்கிழம நம்ம ஏரியாவுலயே இதான் போடறாங்கோ, அதுக்குள்ள படிச்சிட்டு வா" என்று பரீட்சைக்கு அனுப்புகிற மாதிரி கொடுத்தார்.

ஜூலை 25, வெள்ளி

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை விடுமுறை. பார்க்காமல் போனது என் தப்புதான். வாசலில் நின்றிருந்த காவலாளி என்னைப் போல இன்று ஏழெட்டுப் பேருக்குப் பதில் சொல்லியிருப்பார், ஆனாலும் சலிக்காமல் "நாளைக்கு வாங்க சார்" என்றார். கேட்டுக்கு வெளியே நின்று மியூசியம் தியேட்டர் சிவப்புக் கட்டடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. 1896இல் கட்டியது, ஹென்றி இர்வின் வரைந்தது.

அங்கிருந்து சென்ட்ரல் வரைக்கும் வெயிலில் நடந்தேன், இது இரண்டாவது தப்பு. விக்டோரியா பப்ளிக் ஹாலைப் பார்த்ததும் பம்மல் சம்பந்த முதலியார் ஞாபகம். அவர் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை நாடகம் போட்ட இடம். வக்கீல்களும் படித்தவர்களும் நாடகத்தில் நடிக்கலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை என்று சென்னைக்குக் காட்டிய சபை. அவருக்கே முதலில் தமிழ் நாடகம் என்றால் இளக்காரம்தான், பல்லாரியிலிருந்து வந்த தெலுங்குக் குழுவின் நாடகத்தைப் பார்த்த பிறகுதான் மனம் மாறினார். நல்லதுதான். ஆனால் படித்தவன் நாடகம் ஒரு பக்கம், தெருவில் ஆடுகிறவன் கூத்து ஒரு பக்கம் என்று ஊர் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தானே என்று தோன்றியது. 'கூத்தடிக்காதே' என்பது இன்றைக்கும் நம் வீடுகளில் திட்டுதான்.

ராத்திரி பரோட்டாக் கடையில் சால்னா கேட்டேன். "சேர்வாவா?" என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். வந்தது சால்னா இல்லை. சேர்வாதான். இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட், 75 ரூபாய். பரோட்டாவைப் பற்றித் திருநெல்வேலிக்காரன் கருத்துச் சொன்னால் சண்டை வரும், விட்டுவிடுகிறேன்.

ஜூலை 26, சனி

நகரத்தின் நடுவில் ஒரு ஏசி அரங்கம். பெயர் வேண்டாம். 'பாரம்பரியத் தெருக்கூத்து, துகிலுரிதல்' என்று அழைப்பிதழ். அனுமதி இலவசம். ஆட்டோவுக்குத்தான் 320 அழுதேன்.

முதல் நாற்பது நிமிடம் வரவேற்புரை, பொன்னாடை, கூத்து அழிந்துவருகிறது என்று நாலு பேர் வருத்தம். கூத்துக்குக் கிடைத்தது ஒரு மணி பத்து நிமிடம். ஆடியவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கூத்தை நடத்திக்கொண்டு போகிற கோமாளியான கட்டியங்காரன் வந்து, "இன்னாப்பா, எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு வினாடி கழித்து யாரோ கை தட்டினார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கை தட்டினால் அந்த மனுஷன் அடுத்து என்ன பேசுவார்? பாவம், சமாளித்தார்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. கூத்தில் ஒவ்வொரு பெரிய வேஷமும் திரைக்குப் பின்னால்தான் வரும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். இரண்டு பேர் இரண்டு முனையில் ஒரு துணியைப் பிடித்துக்கொள்வார்கள், வேஷக்காரர் பின்னால் நின்று விருத்தம் பாடுவார். நமக்கு மேலே கிரீடம் தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும், முகம் மட்டும் தெரியாது. அதற்காகவே காத்திருந்தேன். இங்கே நேரம் போதாதென்று அதை வெட்டிவிட்டார்கள். மேடையின் வெல்வெட் திரை மோட்டாரில் விர்ரென்று விலகியது, துரியோதனன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி.

இந்த ஊரில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் இல்லாமலில்லை. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, செய்யாறு பக்கத்துப் புரிசைக்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்டுதான் தன் நாடகத்தைக் கட்டியது. புரிசை என்றால் கூத்துக்காரர் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை. அதெல்லாம் நடந்த ஊரில்தான் இந்த மோட்டார் திரையும்.

திரும்பி வந்து பெரியவரிடம் சொன்னேன். அவர் திரையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. "துகில் புடிக்கறதுக்கு முன்னால கற்பூரம் ஏத்துனாங்களா?" என்றார். இல்லை என்றேன். அவர்கள் ஊரில் அந்த இடத்தில் கூத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் துச்சாதனன் சேலையைத் தொடுவானாம். துச்சாதனன் வேஷக்காரரும் கும்பிட்டுக்கொள்வாராம், தொடப்போவது அம்மன் சேலை. எங்கள் பக்கம் திரௌபதிக்குக் கோயிலே அரிது, எங்களுக்கு இசக்கி, சுடலை, முத்தாரம்மன். இவர்களுக்குப் பாரதம் வெறும் கதை இல்லை போல.

அவர்கள் ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவைச் சொல்ல ஆரம்பித்த பெரியவர் அப்புறம் நிறுத்தவில்லை. மத்தியானம் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வது, ராத்திரி அதே கதை கூத்தாக வருவது, அர்ச்சுனன் தபசுக்கு நட்ட மரத்தின் உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசும்போது பிள்ளை இல்லாத பெண்கள் கீழே மடியேந்தி நிற்பது, கடைசி நாள் காலையில் களிமண்ணால் துரியோதனனைத் தரையில் பெரிசாகப் படுக்கவைப்பது. பீமன் தொடையைப் பிளந்ததும் அதற்குள் வைத்த சிவப்புத் தண்ணீரை எடுத்துத் திரௌபதி கூந்தலில் தடவி முடிவாளாம். சாயங்காலம் தீமிதி. பதினொன்றரை மணிக்கு அக்கா மேலேயிருந்து கூப்பிட்டதால் தப்பித்தேன், இல்லையென்றால் பதினெட்டு நாளும் அங்கேயே நடந்திருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ். கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு. கொளுத்துகிற வெயிலில் இது எப்படி இறங்கும் என்று நினைத்தேன். இரண்டு சொம்பு இறங்கியது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் என்னுடைய பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இத்தூண்டு எடுத்தாந்துகீறியே" என்று தன்னுடைய தூக்கை எனக்குக் கொடுத்துவிட்டுத் தான் இன்னொன்று எடுத்துவரப் போனார். யார் வீட்டுத் தூக்கு என்று தெரியாமல் சாயங்காலம் வரை அக்கா தேடிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் தூங்கு என்று பெரியவர் இரண்டு தடவை சொன்னார். நான் தூங்கவில்லை.

ஒன்பது மணிக்கே போய்விட்டேன். தெருவை அடைத்து ஒரு சின்னப் பந்தல், தரையில் தார்ப்பாய். ஒரு பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், ஒரு கிழவர் கையில் முகவீணை. அது நாகஸ்வரத்தின் கைக்குழந்தை மாதிரி, ஒரு முழம்கூட இருக்காது. கூலிக்குப் பாதியும் கலைக்குப் பாதியுமாக வருகிற செட் இது, காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கத்து ஊர் என்றார்கள். வேஷம் கட்டுவது ரேஷன் கடைத் திண்ணையில். அங்கே நான் உட்கார்ந்த ஒரு மணி நேரத்துக்கே இந்தப் பயணச் செலவு தகும்.

கர்ணன் மனைவி பொன்னுருவி வேஷக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். லாரித் தார்ப்பாயில் சம்மணம் போட்டு, இடது கையில் சின்னக் கண்ணாடி. முத்துவெள்ளைப் பொடியோடு சிவப்பும் சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் உள்ளங்கையிலேயே குழைக்கிறார். ஒரே ஒரு விரலால் நெற்றியில் ஆரம்பித்து இழுக்கிறார். பாதி முகம் ரோஜா நிறமாகிவிட்ட நேரத்தில் போன் வந்தது. பையனுக்குக் கல்லூரியில் கட்ட வேண்டிய பணம். கறுத்த பாதி முகத்தின் பக்கம் போனை வைத்துக்கொண்டு, "புதன்கிழமைக்குள்ள கட்றேன்னு சொல்லு, சாமி, அழாத" என்றார். போனை வைத்துவிட்டு அதே விரலால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். என்னைப் பார்த்து, "எந்த ஊரு?" திருநெல்வேலி என்றேன். "அல்வா எங்க?" கொண்டுவந்தது வீட்டில் இருந்தது. ஓடிப்போய் ஒரு பொட்டலம் எடுத்துவந்தேன். எண்ணெய்க் கையோடு எப்படித் தின்பார், பக்கத்திலிருந்த கட்டியங்காரன் ஊட்டிவிட்டார்.

கர்ணனுக்குக் கட்டை கட்டுவது தனி வேலை. கல்யாணமுருங்கை மாதிரி எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை. ஒவ்வொன்றுக்கும் கயிறு. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று மாட்டுக்குப் பாரம் கட்டுகிற மாதிரி இறுக்குகிறார்கள். இடுப்பில் பழைய சேலைகளைச் சுற்றிச் சுற்றி, அதற்கு மேல் பாவாடை. கட்டி முடித்த பிறகு அவரால் உட்கார முடியாது. ஆடாத நேரமெல்லாம் முட்டுக்கொடுத்த மாதிரி ஒரு ஸ்டூல் விளிம்பில்தான் சாய்ந்திருந்தார்.

பத்து மணிக்கு மேல் களரி கட்டினார்கள், வெறும் வாத்தியம், ஊரைக் கூப்பிடுகிற சத்தம். கட்டியங்காரன் வந்தார். "எல்லாரும் சாப்ட்டீங்களா?" ஒரு பாட்டி, "உன் வூட்டுக்கு வந்தா சோறு போடுவியா?" என்று கேட்டது. அவ்வளவுதான், அவருக்கு அடுத்த பத்து நிமிடத்துக்குத் தீனி கிடைத்துவிட்டது. நேற்று அரங்கத்தில் கை தட்டினவர்களை நினைத்துக்கொண்டேன்.

பத்து நாற்பதுக்கு போலீஸ் ஜீப். பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், யாரோ போன் போட்டிருக்கிறார்கள். விழாக்குழுத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்துவிட்டார், மறுபடி கட்டினார். பேச்சுவார்த்தை கால் மணி நேரம். கடைசியில் ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் அணைத்துவிட்டு ஆடச் சொல்லிப் போய்விட்டார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது, இனி என்ன கேட்கும்?

வாத்தியார், ஆர்மோனியத்தில் இருந்தவர், ஒன்றும் பதறவில்லை. "கிட்ட வாங்க" என்றார், அவ்வளவுதான். தார்ப்பாயோடு எல்லோரும் நகர்ந்தோம். நாற்காலிகள் வந்தன. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தார்கள். அப்போதுதான் திரை வந்தது. ஒரு பழைய சிவப்புத் துணி, நடுவில் தையல் போட்டது. பின்னாலிருந்து கர்ணனின் விருத்தம். மைக் இல்லாத தொண்டை. அது எப்படி என்று எழுத எனக்குத் தெரியவில்லை, துணி ஆடினது, அதைச் சொல்லலாம். பாட்டுக்காரர் மூச்சு இழுக்கும்போது துணி உள்ளே போய்ப் பாடும்போது வெளியே வந்தது. பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியை வாங்கித் திருப்பிப் பாட, மேலே கிரீடத்தின் கண்ணாடிகள் டியூப்லைட்டில் மினுக்க, சலங்கை மட்டும் ஒரே இடத்தில் மிதிக்க, முகத்தைக் காட்டாமலே கால் மணி நேரம். என் பக்கத்தில் ஒரு சின்னப்பயல் தரையோடு தரையாகப் படுத்துத் திரைக்கு அடியில் பார்த்துவிட்டு, "செவப்பு செவப்பு" என்று தகவல் சொன்னான். திரை விலகியதும் கர்ணன் சுழன்றார், கிறிக்கி அடிப்பது என்பார்களாம், அத்தனை கட்டையோடும், பாவாடை குடை மாதிரி விரிய, பந்தலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. முன் வரிசை மொத்தமும் காலை மடக்கிக்கொண்டது.

வில்லில் எங்களுக்குக் கதை சொல்கிறவர் உட்கார்ந்தே இருப்பார், உடுக்கையும் குடமும் கூட இருக்கும், ஆடுவது சாமி. இங்கே ஆடுகிறவனே கதை. இது அதைவிட உசத்தி என்றெல்லாம் சொல்ல வரவில்லை. ஆனால் வியாழக்கிழமைத் திமிர் அந்தச் சுழற்சியில் போனது.

பன்னிரண்டரைக்குப் பொன்னுருவி. போருக்குப் போகுமுன் விடைபெற வந்த புருஷனை, தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று குலம் கேட்டுக் குத்துகிறாள். தர்க்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல். புத்தகத்தில் நான் படித்து வைத்திருந்தது எட்டுப் பக்கம், இவர்கள் அதை வைத்துக்கொண்டு எங்கெங்கோ போனார்கள், கந்துவட்டி, மாமியார், இன்ஸ்டாகிராம். நடுநடுவே நூறு ரூபாய் கொடுத்தவர் பெயரைக் கட்டியங்காரன் அறிவிப்பார், கர்ணன் அழுகையை நிறுத்திக் காத்திருப்பார், அப்புறம் விட்ட இடத்திலிருந்து அழுவார். முதலில் எரிச்சலாக இருந்தது, மூன்றாவது தடவை நானே ஐம்பது ரூபாய் கொடுத்தேன். "திருநெல்வேலியில் இருந்து வந்த அல்வா அண்ணன்" என்று அறிவித்தார்கள்.

அந்தச் சண்டையில் ஒரு இடம். நீ என்ன சாதி என்று அவள் கேட்டதும் கர்ணன் உடனே பதில் பாடவில்லை. ஆர்மோனியம் ஒரே சுருதியில் நின்றது. தெருவில் அத்தனை பேரும் பேசாமல் இருந்தோம். பின்னால் மோட்டார் ஸ்கூட்டரில் வந்தவர்கூட இன்ஜினை அணைத்துவிட்டார். அல்வா தின்ற அதே ஆள், பையனை அழாதே என்ற அதே ஆள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்து நிற்கிறாள். நிற்கிறார் என்று எழுத வரவில்லை.

ஒன்றே முக்காலுக்குத் தூறல். ஆர்மோனியத்துக்கு முதலில் குடை, மனுஷர்களுக்கு அப்புறம். பத்து நிமிடத்தில் விட்டது. டீ ஒரு ரவுண்டு வந்தது, கோயில் கணக்கு. கொசு தனிக் கணக்கு. இரண்டரைக்குச் சல்லியன் தேரோட்ட வந்து கர்ணனோடு வாய்ச்சண்டை. தார்ப்பாயில் பாதிப் பேர் தூக்கம், முகவீணை கீச்சென்று உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு வரிசை எழுந்து உட்காரும், பார்க்கும், மறுபடி சாயும். நான் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 28, திங்கள்

விழித்தபோது யாரோ என் தலைக்கடியில் இருந்து தார்ப்பாயை உருவினார்கள். வெளிச்சம். கர்ணன் செத்து, மோட்சத்துக்குப் போய், மங்களம் பாடி, எல்லாம் முடிந்திருந்தது. கிருஷ்ணன் கிழவனாக வந்து செய்த தருமத்தையெல்லாம் தானம் கேட்டது, அம்பு பட்ட உடம்பின் ரத்தத்தால் கர்ணன் தாரை வார்த்தது, குந்தி மடியில் போட்டு அழுதது, எதற்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்தேனோ அது மொத்தமும் என் தலைமாட்டில் நடந்திருக்கிறது. நாலு மணி வரைக்கும் நினைவிருக்கிறது. அதற்கு மேல் இல்லை.

பக்கத்தில் நேற்றைய "சோறு போடுவியா" பாட்டி தலையை முடிந்துகொண்டிருந்தது. சொன்னேன், முடிவைப் பார்க்காமல் தூங்கிவிட்டேன் என்று. "அதுக்கு இன்னா? நானும்தான் தூங்கிட்டேன். வருசா வருசம் அவன் சாவறப்ப நான் தூங்கிடுவேன்" என்றது. வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை. வெள்ளை வெள்ளையாக விபூதி பூசிக்கொண்டு போய்விட்டது.

திண்ணையில் வேஷம் கலைந்துகொண்டிருந்தது. மறுபடியும் தேங்காய் எண்ணெய், பழைய பனியன் துணி. கட்டையை அவிழ்த்த இடத்தில் கர்ணனின் தோளில் கயிறு பதிந்த தடம், ஊதாவாக. பொன்னுருவி பீடி பற்றவைத்திருந்தார். இன்று ராத்திரி எங்கே என்றேன். அரக்கோணம் பக்கத்தில் ஒரு கருமாதி, அங்கேயும் கர்ண மோட்சம்தானாம். சாவு வீட்டுக் காரியத்துக்கு இந்தக் கூத்தைத்தான் போடுவார்கள், செத்தவருக்கும் மோட்சம் கிடைக்கும் என்று. எப்போது தூங்குவீர்கள் என்றேன். வேனைக் காட்டினார்.

இதற்குள் கோயிலில் ஆடிப்பூரத்துக்கு வளையல் கோக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் செருப்பைத் தேடினேன். என்னுடைய எட்டாம் நம்பர் இல்லை, அதே நிறத்தில் ஒரு ஏழாம் நம்பர் இருந்தது. குதிகால் வெளியே நீட்டிக்கொண்டு வீடு வந்தேன். அக்கா கதவைத் திறந்து, "முகத்தில என்ன ரோஸ் கலர்?" என்றாள்.

ஜூலை 29, செவ்வாய்

நேற்று முழுக்கத் தூக்கம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைசிப் பக்கங்கள் இல்லாத புத்தகம் ஆச்சே, முடிவை நீங்களாவது சொல்லுங்கள் என்று பெரியவரிடம் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. சொல்ல மாட்டேன் என்றார். அடுத்த ஞாயிறு திருநின்றவூர்ப் பக்கம் ஒரு தெருவில் இதே செட் வருகிறதாம். "டிக்கெட்டத் தள்ளிப் போடு. மத்தியானம் சாப்ட்டுட்டு தூங்கு. மூணு மணிக்கு நான் எழுப்பறேன்."

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாயிற்று. எட்டாம் நம்பர் செருப்பு ஒன்று வாங்க வேண்டும்.